வாய்ப்பூஞ்சைக்குச் சிவப்பு ஒளி: சாயம் பூசுவதிலிருந்து பஸ் ஏறும் வரை

“களி இறங்குதா?” பென்னாகரம், பாலக்கோடு, அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து எச்.ஐ.வி. தொற்றோடும் வாயில் வெள்ளைப் படலத்தோடும் வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான். கேழ்வரகுக் களியை இங்கே யாரும் மென்று தின்பதில்லை, குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்குவார்கள். குழம்பின் காரம் மட்டும் எரிகிறது என்றால் பூஞ்சை வாயோடு நின்றிருக்கலாம். களி நெஞ்சில் நின்று வலிக்கிறது என்றால் உணவுக்குழாய்க்கு இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். வாயில் சாயம் பூசி, சிவப்பு லேசர் ஒளி காட்டிப் பூஞ்சையைக் கொல்லும் சிகிச்சை இருக்கிறது, ஆனால் லேசர் முனை அங்கே எட்டாது. 14 முதல் 21 நாள் ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்துதான் வழி, ஒளியைப் பற்றிய பேச்சே அன்று வேண்டாம்.

வாயோடு நிற்கும் பூஞ்சைக்கும் முதல் மருந்து ஃப்ளூகோனசோல்தான். அதற்கு மசியாத கேண்டிடா க்ரூஸி, பல நேரம் கிளாப்ராட்டா என்ற பூஞ்சை வகைகள் வந்தவர்கள், கல்லீரல் கெட்டவர்கள், காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுவதால் ஃப்ளூகோனசோலின் அளவு ரத்தத்தில் குறைந்துபோகிறவர்கள், மாதாமாதம் திரும்ப வருகிறவர்கள் என்று ஒரு கூட்டம் மிஞ்சும். ஒளி சிகிச்சைக்கு வேலை இருப்பது அங்கேதான். சாயம் ஒளியை வாங்கி, பக்கத்திலிருக்கும் ஆக்சிஜனை வீரியமாக்குகிறது. அது பூஞ்சையின் சவ்வு, புரதம், மரபணு என்று கைக்கு எட்டிய எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தாக்குவதால், மருந்துக்குப் பழகுவதுபோல் இதற்குப் பூஞ்சை எளிதில் பழகுவதில்லை.

சாயம் மெத்திலீன் ப்ளூ. ஊசிக்கான 1% கரைசலில் 0.45 மில்லி எடுத்து, கிருமி நீக்கிய நீர் சேர்த்து 10 மில்லி ஆக்கினால் மில்லிக்கு 450 மைக்ரோகிராம் வரும். பழுப்புக் குப்பி வேண்டும், இல்லையென்றால் அலுமினியத் தாள் சுற்றலாம். ஆய்வகத்தில் ஸ்லைடுக்கு ஊற்றும் மெத்திலீன் ப்ளூவைக் கேட்டு வாங்கிவரும் பழக்கம் உண்டு. கூடவே கூடாது. ஸ்லைடுக்கான அந்த லோஃப்ளர் கலவையில் ஆல்கஹாலும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் இருக்கின்றன.

பூசும் முன் தயிர்த்திட்டுப் போன்ற படலத்தை ஈர காஸ் துணியால் மெதுவாகத் துடைத்தெடுக்க வேண்டும். படலத்தின் மேல் பூசினால் படலம்தான் நீலமாகும், அடியில் இருக்கும் பூஞ்சை தப்பிக்கும். துடைத்தும் வராத வெள்ளை என்றால் அது ஹேரி லூக்கோபிளேக்கியா என்ற வெள்ளைத் தடிப்பா, புகையிலை அடக்கியதால் வந்த தடிப்பா என்று பார்க்காமல் ஒளி காட்டக் கூடாது. சந்தேகப் புண்ணுக்கு முதலில் பயாப்சி, அதாவது சதைத்துணுக்குச் சோதனை. வெற்றிலை போடுபவர்களுக்கு வாயை நன்றாகக் கொப்பளிக்க வைத்த பிறகே எது புண்ணின் சிவப்பு, எது வெற்றிலைச் சாறு என்று தெரியும்.

சாயம் பூசி 5 நிமிடம் காத்திருக்க வேண்டும். அதற்குள் உமிழ்நீர் கரைத்துவிடாமல் இருபுறமும் பஞ்சு உருளை. பிறகு தேங்கிய சாயத்தை உறிஞ்சி எடுத்தே ஆக வேண்டும். இந்த ஒரு படியைத்தான் அதிகம் பேர் விடுகிறார்கள். நீலம் குளமாக நின்றால் ஒளியை மேலேயே குடித்துவிடும். வெளிறிய நீலம் ஒட்டியிருந்தால் போதும்.

லேசர் 660 நானோமீட்டர் சிவப்பு. 100 மில்லிவாட்டில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 90 விநாடி காட்டினால் 9 ஜூல். இது காகிதக் கணக்கு. முனையில் மாட்டும் பிளாஸ்டிக் உறை கொஞ்சம் தின்னும், ஒளி தரும் டயோடு பழையதானால் அதுவும் கொஞ்சம் தின்னும். உறை 20 சதவீதம் தின்றால் 9 ஜூல் 7.2 ஆகிவிடும். ஆகவே உறையை மாட்டியபடியே பவர் மீட்டரில் அளந்து நேரத்தைக் கூட்ட வேண்டும். உறையைக் கழற்றிவிட்டுச் செய்வது தீர்வல்ல. நாக்கின் மேற்பரப்புக்கு 9 புள்ளி என்றால் பதின்மூன்றரை நிமிடம். வாயைத் திறந்தே வைத்திருக்க முடியாது, மூன்று புள்ளிக்கு ஒரு ஓய்வு கொடுக்க வேண்டும். ஓய்வில் சாயம் கரைந்தால் மறுபடி பூச வேண்டும்.

பல் அடைக்கும் க்யூரிங் லைட்டையே காட்டினால் என்ன என்று கேட்பார்கள். அது நீல ஒளி, மெத்திலீன் ப்ளூ அதை ஏறக்குறைய வாங்குவதே இல்லை. அதே நாற்காலியில் தொங்கும் ஆரஞ்சுக் கண்ணாடியும் ஆபத்து: நீலத்தைத் தடுக்கும், சிவப்பை அப்படியே விட்டுவிடும். 660 என்று பொறித்த கண்ணாடி நோயாளிக்கும் சேர்த்துத் தேவை. நீல ஒளிக்கு ஏற்ற சாயம் குர்குமின் என்றதும், அரூர் பக்கம் விளைகிற மஞ்சளே போதுமே என்று ஆசை வரும். மஞ்சள் தூளில் குர்குமின் சில சதவீதம்தான், தண்ணீரில் கரைவதும் இல்லை.

மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறாரா, ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு உண்டா, கர்ப்பமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இவர்களுக்கு மெத்திலீன் ப்ளூவால் வரும் ஆபத்து பெரும்பாலும் ரத்தத்தில் ஏற்றும் அளவில்தான். வாயில் பூசுவது சொற்பம் என்றாலும் விழுங்காமல் துப்ப வைப்பதே நல்லது. சிறுநீர் லேசாகப் பச்சையாகலாம் என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

அதைவிடப் பெரிய சங்கடம் நீல நாக்கு. தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் விசாரிக்காமல் விடமாட்டார். எச்.ஐ.வி. நிலையை வெளியில் சொல்வதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது, நாக்கின் நிறத்துக்கு அந்தச் சட்டம் தெரியாது. நாவல்பழம் என்று சொல்லிச் சமாளிப்பது பருவத்தில் மட்டும் செல்லும். மென்மையான பிரஷ்ஷால் நாக்கைத் தேய்த்து, இரண்டு மூன்று முறை கொப்பளிக்க வைத்து, நிறம் மங்கிய பிறகு அனுப்பலாம். சாயம் எளிதில் போகாத ஒன்று பல்செட். அதையும் நீலமாக்குவதை விட, இரவில் கழற்றிக் கிருமி நீக்கி வைக்கச் சொல்வது மேல். பல்செட்டைக் கவனிக்காமல் அண்ணத்துக்கு மட்டும் ஒளி காட்டினால், பூஞ்சை அதிலிருந்தே திரும்ப வரும்.

7ஆம் நாள், 30ஆம் நாள் வாயிலிருந்து சுரண்டி எடுத்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஸ்மியர் எடுக்கலாம். எச்.ஐ.வி. மாத்திரை வாங்க ஏ.ஆர்.டி. மையத்துக்கு வரும் தேதியோடு சேர்த்து வைத்தால் வருவார்கள், தனியாக வரச் சொன்னால் ஒரு நாள் கூலி போகும். ஸ்மியர் சுத்தமாகியும் பூஞ்சை மறுபடி மறுபடி திரும்பினால் லேசரின் ஜூலைக் கூட்டுவதில் பயனில்லை. நோய் எதிர்ப்பு அணுக்களான சிடி4 எவ்வளவு, வைரஸ் அளவு எவ்வளவு, மாத்திரை விட்டுப்போனதா என்று பார்க்க வேண்டும்.