ரஃப் நோட்டுக்கு மதிப்பெண்

கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் வடிவமைப்புப் பிரிவில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரின் வடிவத்தைக் கொஞ்சம் மாற்றினால் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறும், மின்சாரம் எவ்வளவு செலவாகும் என்று சோதனை மேடையில் ஓட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டே இருப்பதுதான் தொழில். பிடித்துத்தான் செய்தேன்.

ஆண்டுதோறும் புதிதாகப் பொறியியல் முடித்த பிள்ளைகள் எங்கள் பிரிவுக்குப் பயிற்சிக்கு வருவார்கள். கணினியில் அழகாக வரைவார்கள். ஆனால் சோதனையில் எதிர்பாராத அளவீடு வந்தால் அதை அழித்துவிட்டு, "சரியாக" வந்ததை மட்டும் தாளில் ஏற்றிக் கொண்டுவந்து நீட்டுவார்கள். திட்டினால் பயந்தார்கள், மாறவில்லை. அவர்களைப் பொய்யர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரெக்கார்டு நோட்டில் அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தால்தான் மதிப்பெண் என்று பன்னிரண்டு ஆண்டுகள் பழக்கியிருக்கிறோம். அந்தப் பழக்கத்தோடுதான் அவர்கள் வருகிறார்கள். அதைப் பள்ளியிலேயே மாற்ற முடியுமா என்ற கேள்வி என்னை விடவில்லை. 2016-இல் வேலையை விட்டேன்.

பொறியியல் படித்தவர்கள் பி.எட். சேரலாம் என்று தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சிலின் 2014 விதிமுறைகள் அனுமதித்திருந்தன. 55 சதவீத மதிப்பெண் வேண்டும், படிப்பு இரண்டு ஆண்டுகள். சிறு குழுவுக்குச் சில நிமிடப் பாடம் நடத்திப் பழகும் நுண்ணிலைக் கற்பித்தல், பாடக் குறிப்பு, பள்ளியில் பல வாரப் பயிற்சி என்று கழிந்தது. அந்தப் பள்ளிப் பயிற்சி மட்டும் இல்லாமல் போயிருந்தால் வகுப்பறையில் நான் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடித்திருக்க மாட்டேன். நாற்பத்தைந்து பேர் முன்னால் நிற்பது வேறு, நான்கு பொறியாளர்களுக்கு விளக்குவது வேறு.

2018 ஜூனில் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில், நிர்வாகம் ஊதியம் தரும் பணியிடத்தில், ஒன்பதாம் வகுப்பு அறிவியல் ஆசிரியராகச் சேர்ந்தேன். முன்பு வாங்கியதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான சம்பளம். வீட்டில் இன்னொருவர் சம்பாதித்ததால்தான் இது முடிந்தது. சம்பள விஷயத்தை மறைத்து எழுதினால், இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு வேலையை விட நினைப்பவருக்கு நான் துரோகம் செய்தவளாவேன்.

அந்தப் பள்ளியில் பூட்டிய ஓர் அறை இருந்தது. தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978-இல் வந்தபோது அதோடு தொழிற்கல்விப் பிரிவும் வந்தது. எங்கள் பள்ளியில் ஜெனரல் மெஷினிஸ்ட் பாடம் நடந்திருக்கிறது. தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெற்றார், வேறு ஆள் வரவில்லை, பிரிவு மூடப்பட்டது. அறைக்குள் ஆறு பெஞ்ச் வைஸ்கள் (பொருளை இறுக்கிப் பிடிக்க மேசையில் பொருத்தும் கருவி), துருப்பிடித்த அரங்கள், ஒரு தூண் துளையிடும் இயந்திரம். ஓய்வு பெற்ற அந்த ஆசிரியர் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தார். போய்க் கேட்டேன். மறுநாளே மண்ணெண்ணெய்ப் புட்டியோடு வந்து ஒவ்வொரு வைஸாகக் கழற்றித் துடைத்தார். "இது இன்னும் முப்பது வருசம் உழைக்கும் அம்மணி, ஆள்தான் வேண்டும்" என்றார். எழுபதைத் தாண்டியவர். அவர் இல்லாமல், பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்துக் கற்கும் எங்கள் பொறியியல் திட்டம் இல்லை.

முதல் ஆண்டு நான் செய்தது தவறான தொடக்கம். மாலை நேர மன்றமாக வைத்து, தரையில் வரைந்த கோட்டின் வழியே ஓடும் ரோபோவுக்கான பாகங்கள் அடங்கிய பெட்டிகளை என் பணத்தில் பத்து வாங்கிக் கொடுத்தேன். விளக்கத் தாளைப் பார்த்துப் பத்துக் குழுக்களும் ஒரே மாதிரிப் பொருத்தின. பத்தும் ஓடின. பெற்றோர் வந்து படம் எடுத்தார்கள், நிர்வாகம் பாராட்டியது. அடுத்த வாரம் ஒரு ரோபோவில் உணர்வியின் (சென்சார்) வயரை மாற்றிச் செருகிவிட்டு, ஏன் ஓடவில்லை என்று கேட்டேன். ஒரு குழுவாலும் சொல்ல முடியவில்லை. தாளில் இல்லாத எதையும் நான் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

அதன்பின் பெட்டிகளை அலமாரியில் வைத்துவிட்டு, மில்லிமீட்டரின் சிறு பகுதியையும் அளக்கும் வெர்னியர் கருவிக்குத் திரும்பினேன். ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் முதல் பாடமே அளவீடுதான். மீச்சிற்றளவு (கருவி காட்டும் மிகச் சிறிய அளவு), சுழிப்பிழை (தாடைகளை மூடினாலும் சுழியம் காட்டாத பிழை) எல்லாம் அதில் உண்டு, பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். பட்டறையிலிருந்து 20 மில்லிமீட்டர் தண்டு ஒன்றைக் கடைந்து வாங்கி வந்து எல்லாரையும் அளக்கச் சொன்னேன். வந்த அளவுகள் 19.6 முதல் 20.3 வரை. அத்தனையையும் கரும்பலகையில் எழுதினேன். முன்வரிசைப் பையன் ஒருவன் தன் எண்ணை ரப்பரால் அழித்துவிட்டு, பக்கத்தில் இருப்பவளுடையதை எழுதிக்கொண்டிருந்தான். பயிற்சிக்கு வந்த பொறியாளர்கள் செய்த அதே வேலை, பதினான்கு வயதில்.

"எது சரியான விடை டீச்சர்?" என்று கேட்டார்கள்.

"எனக்கும் தெரியாது. எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்று சொல்லுங்கள்."

வகுப்பு கொஞ்ச நேரம் திகைத்துப்போயிருந்தது. பிறகு ஒருத்தி, எல்லாரும் ஒரே கருவியால் அளக்கலாம் என்றாள். இன்னொருவன் தாடைகளை மூடிப் பார்த்து, இரண்டு கருவிகளில் சுழிப்பிழை இருப்பதைக் கண்டுபிடித்தான். கடைசியில் 6204 பேரிங் ஒன்றைக் கையில் கொடுத்தேன். அதன் உள்விட்டம் 20 மில்லிமீட்டர். தண்டில் அது ஏறவில்லை. ஓய்வு பெற்ற அந்த மூத்த தொழிற்கல்வி ஆசிரியர் எமரித் தாளால் தண்டைத் தேய்க்கச் சொன்னார். தேய்த்து, அளந்து, மறுபடி தேய்த்து, நாற்பது நிமிடம் கழித்து அது வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தபோது எழுந்த சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

அன்றே ஒரு விதி வைத்தேன். இந்த அறைக்குள் ரெக்கார்டு நோட்டு வரக் கூடாது, ரஃப் நோட்டு மட்டும்தான். பக்க எண், தேதி இருக்க வேண்டும். ரப்பர் கிடையாது. தவறு என்று தெரிந்தால் ஒரே கோட்டால் அடித்து, ஏன் அடித்தோம் என்று ஓரத்தில் எழுத வேண்டும். மதிப்பெண் அந்த நோட்டுக்குத்தான். செய்த பொருள் ஓடியதா இல்லையா என்பதற்கு இல்லை.

சொல்வது எளிது. மதிப்பெண் எங்கே போடுவது? பட்டியலில் வராத எதையும் பெற்றோரும் பொருட்படுத்தமாட்டார்கள், தலைமையாசிரியரும் நேரம் ஒதுக்கமாட்டார். அவருக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதம் என்ற பாரம் இருக்கிறது, அதை நான் குறை சொல்லமாட்டேன். வழி ஏற்கெனவே இருந்த முறையிலேயே கிடைத்தது. அப்போது ஒன்பதாம் வகுப்பு வரை பருவத்துக்கு வளரறி மதிப்பீடு (படிக்கும்போதே போடுவது) 40, தொகுத்தறி மதிப்பீடு (பருவ முடிவுத் தேர்வு) 60 என்று இருந்தது. வளரறியில் (அ) பகுதியின் 20 மதிப்பெண் செயல்பாடுகளுக்கானதாக இருந்தது. பல பள்ளிகளில் அது சார்ட் ஒட்டுவதிலும் படம் சேகரிப்பதிலும் தீர்ந்துவிடும். அறிவியலுக்கான அந்த மதிப்பெண்ணை ரஃப் நோட்டுக்குத் தருகிறேன் என்று எழுத்தில் கொடுத்தேன். தலைமையாசிரியர் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்திட்டார். பொறியியல் திட்டம் உண்மையில் தொடங்கியது அந்தக் கையெழுத்தில்தான்.

அடுத்தது நேரம். 40 நிமிடப் பாடவேளையில் கருவிகளை எடுத்து வைப்பதற்குள் மணி அடித்துவிடும். அடுத்தடுத்த இரண்டு பாடவேளைகள் வேண்டும். விளையாட்டு வகுப்பைத் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றேன், பிள்ளைகளுக்கு மிச்சமிருப்பது அது ஒன்றுதான். இரண்டு மாதம் கால அட்டவணைப் பொறுப்பாசிரியருடன் உட்கார்ந்து, என் இயற்பியல் வேளைகளை இடம் மாற்றிக் கொடுத்து, வியாழக்கிழமை கடைசி இரண்டு வேளைகளைப் பெற்றேன். பணத்தைவிட இதுதான் கடினமாக இருந்தது.

பணம் அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தில் விண்ணப்பித்துக் கிடைத்தது. மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக்கின் கீழ் 2016-இல் தொடங்கிய திட்டம் அது. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கானது, தேர்வான பள்ளிக்கு அப்போது 20 லட்சம் ரூபாய்: கருவிகளுக்கும் அமைப்புக்கும் 10 லட்சம், ஐந்து ஆண்டு நடப்புச் செலவுக்கு 10 லட்சம். சமவெளிப் பள்ளிகளுக்கு 1,500 சதுர அடி இடம் கேட்டிருந்தார்கள். பழைய தொழிற்கல்வி அறை அதைவிடச் சற்றுப் பெரியது. தனி வங்கிக் கணக்கு, விலைப்புள்ளிகள், இருப்புப் பதிவேடு, பயன்பாட்டுச் சான்றிதழ், தணிக்கை என்று காகித வேலை நிறைய. அதைச் செய்ய அலுவலக உதவியாளர் ஒருவர் துணை நிற்காவிட்டால் ஆசிரியர் பாதியில் களைத்துப்போவார். இருப்புப் பதிவேட்டில் முதல் நாளிலிருந்தே "செலவானவை, எரிந்தவை" என்று தனிப் பக்கம் வைத்தேன். எல்.இ.டி. எரியும், டிரான்சிஸ்டர் போகும். கணக்குக் காட்டப் பயந்து பொருளைப் பூட்டி வைத்தால் மறுபடி பூட்டிய அறைதான் மிஞ்சும்.

கொரோனா ஒன்றரை ஆண்டைத் தின்றது. ஒன்பது முதல் பன்னிரண்டு வகுப்புகளுக்கு 2021 செப்டம்பர் 1 அன்று பள்ளி திறந்த பிறகுதான் அறை முழுமையாக இயங்கியது.

முப்பரிமாண அச்சு இயந்திரத்தைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். உள்ளங்கை அளவுப் பொருளுக்கே பல மணி நேரம் எடுக்கும். பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தே பாடவேளை முடிந்தது. இப்போது அட்டையிலும் ஒட்டுப்பலகையிலும் இரண்டு முறை செய்து பார்த்து, நோட்டில் காரணம் எழுதியவர்களுக்குத்தான் அச்சு.

நான் அதிகம் சொல்ல விரும்புவது தண்ணீர்த் தொட்டியைப் பற்றி. மாடித் தொட்டி நிரம்பி வழிந்து சத்துணவுக்கூடத்தின் பின்புறம் எப்போதும் சேறாக இருக்கும். காவலர் மோட்டாரை அணைக்க மறந்துவிடுவார். இதைச் சரிசெய்யலாமா என்று கேட்டது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. 230 வோல்ட் பக்கம் பிள்ளைகள் கை வைக்கக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்தோம். மோட்டார் இணைப்பைப் பள்ளியின் மின்பணியாளர் பார்த்துக்கொள்வார், அவர்கள் வேலை 5 வோல்ட்டோடு நின்றுவிடும். தொட்டிக்குள் வெவ்வேறு உயரத்தில் செம்புக் கம்பிகளைத் தொங்கவிட்டு, தண்ணீர் தொட்டால் மின்சாரம் பாய்வதை ஆர்டுயினோ என்னும் சிறு கணினிப் பலகை கண்டுகொள்ளும்படி அமைத்தார்கள். முதல் நாள் வேலை செய்தது. மூன்றாவது வாரம் தொட்டி மறுபடி வழிந்தது.

ஏறிப் பார்த்தார்கள். ஒரு கம்பி பச்சை படிந்து, நுனி ஊசிபோல் மெலிந்திருந்தது. மற்றது அப்படியே இருந்தது. "மட்டமான கம்பி" என்று ஒருவன் எழுதினான். அந்த மாணவி அதை ஒரே கோட்டால் அடித்து, "இரண்டும் ஒரே சுருளில் வெட்டியவை, அதனால் இது காரணமாக இருக்க முடியாது" என்று ஓரத்தில் எழுதினாள். பத்தொன்பதாம் பக்கம். இந்த வேலைக்கு வந்ததற்கு எனக்குக் கிடைத்த கூலி என்று அந்த வரியைத்தான் சொல்வேன்.

எந்தக் கம்பி நேர்முனையோடு இணைந்தது என்று பழைய பக்கத்தைப் புரட்டினார்கள். அரிக்கப்பட்டது அதுதான். வேதியியல் ஆசிரியரை மாடிக்கே அழைத்து வந்தேன். தண்ணீரில் மின்சாரம் பாயும்போது நேர்முனைச் செம்பு கரைவதை விளக்கும் மின்னாற்பகுப்புப் பாடத்தை அவர் வகுப்பில் அல்லாமல் தொட்டியின் பக்கத்தில் நின்று நடத்தினார். குடிப்பதற்கும் போகும் தண்ணீரில் செம்பு கரையலாமா என்று அவர் கேட்டதும் பிள்ளைகள் முகம் மாறிவிட்டது. அதை யாருமே, நான் உட்பட, யோசித்திருக்கவில்லை. அன்றே கம்பிகளை எடுத்துத் தொட்டியைக் கழுவினோம். அடுத்த அமைப்பில் துருப்பிடிக்காத எஃகு, நிமிடத்துக்கு ஒரு முறை கணநேரம் மட்டும் மின்சாரம். அதற்கு அடுத்ததில் தண்ணீரைத் தொடும் உலோகமே வேண்டாம் என்று முடிவெடுத்து, காந்தம் வைத்த மிதவைச் சுவிட்சுக்கு மாறினார்கள். கடைக்குப் போனால் அப்படி ஒரு மிதவைச் சுவிட்சைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கலாம். முதலிலேயே வாங்கிக் கொடுத்திருந்தால் அந்தப் பத்தொன்பதாம் பக்கம் எழுதப்பட்டிருக்காது.

தொடங்க நினைக்கும் ஆசிரியர்கள் கேட்டால் நான் சொல்வது: முதலில் பத்து வெர்னியர்கள், மின்னழுத்தம், மின்னோட்டம் அளக்கும் பத்து மல்டிமீட்டர்கள், பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் பழுதான மிக்சி மோட்டார்கள். கண்ணைக் காக்கும் நல்ல பாதுகாப்புக் கண்ணாடி எல்லாருக்கும், இதில் சிக்கனம் வேண்டாம். நானோ மூத்த ஆசிரியரோ இல்லாமல் அறை திறக்காது. மற்றவற்றைப் பிள்ளைகள் கேட்கும்போது வாங்கலாம்.

பத்தாம் வகுப்புக்கு இன்னும் வியாழக்கிழமை கிடைக்கவில்லை. ஆண்டுதோறும் கேட்கிறேன்.

போன மாதம் மிதவை அமைப்பும் நின்றுவிட்டது. அதைச் செய்தவர்கள் படிப்பு முடித்துப் போய்விட்டார்கள். இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேர் அலமாரியிலிருந்து அந்தப் பழைய ரஃப் நோட்டைத் தேடி எடுத்து, தரையில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து சத்தமாகப் படித்தார்கள். பிறகு மிச்சமிருந்த வெற்றுப் பக்கத்தில் தேதி போட்டார்கள்.