திருகோணமலையில் ஒரு நாள்தான் இருக்கிறதா? கடலில் இருந்து தொடங்குங்கள்

பலரும் காலையில் கோணேசர் கோயிலுக்குப் போய்விட்டு, மதியம் பவளப்பாறை பார்க்கப் புறாத்தீவுக்குப் படகு தேடுகிறார்கள். அதை அப்படியே மாற்றிப் போடுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதி. ஆனாலும் வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும், தண்ணீர் கலங்கும், பவளப்பாறை தெளிவாகத் தெரியாது. மார்கழி, தையில் வாடைக் கடல் முரடு. அப்போது தீவை மறந்துவிடுங்கள்.

தீவுக்குப் படகு ஏறும் நிலாவெளி, திருகோணமலை நகரிலிருந்து ஏறக்குறைய 16 கிலோமீட்டர். விடிந்ததும் வெளிக்கிடுங்கள். கடற்கரையில் வனஜீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு வேறு, படகுக் கூலி வேறு. கூலி படகுக்குத்தான், ஆளுக்கல்ல; கரையில் நிற்கும் இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்தால் செலவு குறையும்.

வாடகைக்கு எடுக்கும் நீச்சல் கண்ணாடியை வார் மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுங்கள். விழாமல் ஒட்டி நின்றால் அளவு சரி. ரப்பர் விளிம்புக்குள் ஒரு முடி சிக்கினாலும் தண்ணீர் புகும். மீசைக்காரருக்கு இது பெரும் தொல்லை. களைத்தால் மல்லாந்து மிதவுங்கள், பவளத்தில் கால் ஊன்ற வேண்டாம். கால் கிழியும், பல வருடம் வளர்ந்தது ஒரு மிதியில் உடையும்.

கன்னியா வெந்நீர் கிணறுகள் ஏழையும் நாலு மணிக்குப் பிறகு பாருங்கள். இறங்கிக் குளிக்க முடியாது, வாளியால் அள்ளி ஊற்றுவதுதான். நேரம் போதாவிட்டால் இதைத்தான் விடவேண்டும்.

கோணேசரை மாலைப் பூசைக்கு வையுங்கள். செருப்பைக் கழற்றி நடக்கும் கல், நண்பகலில் உள்ளங்காலைச் சுடும். மாலையில், கோயிலருகே உள்ள பாறைப் பிளவான இராவணன் வெட்டருகே ஆறுதலாக நிற்கலாம். கோயிலுக்குப் போகும் வழியிலுள்ள கோட்டைக்குள் திரியும் மான்களுக்குப் பழத்தைப் பையோடு நீட்டாதீர்கள். அவை பொலித்தீனையும் சேர்த்தே விழுங்கிவிடும்.