கேட்க ஒரு லைசென்ஸ், பேச ஒரு லைசென்ஸ்

ராமநாதபுரம் பக்கம் கடலோரக் கிராமம் எங்களுடையது. வீட்டு ரேடியோவுக்கென்று ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. வருடா வருடம் அப்பா அதைத் தபால் ஆபீசுக்கு எடுத்துப்போய்ப் பணம் கட்டி முத்திரை வாங்கி வருவார். அப்போதெல்லாம் பாட்டுக் கேட்கவே லைசென்ஸ் வேண்டும். முற்றத்திலிருந்து பனைமரத்துக்குச் செம்புக் கம்பி இழுத்துக் கட்டியிருந்தார். அதில் திருச்சி வானொலியைவிட இலங்கை வானொலிதான் துல்லியமாக விழும். அதன் அறிவிப்பாளர் கே.எஸ். ராஜாவின் குரல் வந்தால் அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்காருவாள்.

அந்தப் பைத்தியத்தோடுதான் 1990களில் மலேசியாவில் உள்ள சுங்கை சிப்புட்டுக்கு வந்து சேர்ந்தேன். முதலில் சொந்தக்காரர் கடையில் வேலை, பிறகு சொந்தமாக ஒரு ரிப்பேர் கடை. காற்றாடி, மிக்சி, ரைஸ் குக்கர், எப்போதாவது ஒரு பழைய ரேடியோ. கல்யாணம் இந்த ஊரில்தான். மனைவி இங்கே பிறந்தவள் என்பதால் மட்டும் புருஷனுக்கு நீல ஐசி, அதாவது குடிமக்களுக்கான அடையாள அட்டை, கிடைத்துவிடாது. பன்னிரண்டு வருடத்தில் பத்து வருடமாவது இங்கே இருந்திருக்க வேண்டும், மலாய் தெரிந்திருக்க வேண்டும். அது தனிக்கதை, பொறுமை இருந்தால் பிறகு எழுதுகிறேன். ஐசி கைக்கு வந்த பிறகுதான் அமெச்சூர் ரேடியோ ஆசையை, அதாவது சொந்தமாக ரேடியோ நிலையம் வைத்து மற்றவர்களோடு பேசுகிற பொழுதுபோக்கு ஆசையை, வீட்டில் வாய்விட்டுச் சொன்னேன்.

"இந்த வயசுல பரீட்சையா?" என்றாள் மனைவி.

தொடர்பு பல்லூடக ஆணையம் நடத்தும் தேர்வில் தேறினால் பி வகுப்பு லைசென்ஸ். தீபகற்பத்தில் அந்த வகுப்புக்காரர்களுடைய அழைப்புக் குறி, அதாவது காற்றில் அவர்களுக்கான பெயர், 9டபிள்யூ2 என்று தொடங்கும். ஏ வகுப்புக்கு 9எம்2. எனக்கு பி போதும் என்று புத்தகத்தைப் பிரித்தேன். முப்பது வருடமாகச் சால்டரிங் அயர்ன் பிடிக்கிற கைக்கு ஓம்ஸ் விதியைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மலாய்ச் சொற்கள்தான் படுத்தின. அலைநீளம் 'பஞ்சாங் கெலொம்பாங்'. அதைப் பஞ்சாங்கம் என்று மனதில் வைத்துக்கொண்டேன். 300ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் பஞ்சாங்கம் மீட்டரில் வந்துவிடும்!

முதல் தடவை தோற்றேன். எலெக்ட்ரானிக்ஸில் இல்லை, சட்டத்தில். 1998ஆம் வருடத்துத் தொடர்பு பல்லூடகச் சட்டம், விதிமுறைகள், எதை ஒலிபரப்பலாம், எதைக் கூடாது என்பதையெல்லாம் மெக்கானிக் திமிரில் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாவது தடவைக்கு அதைத்தான் முதலில் படித்தேன். பாட்டுப் போடக் கூடாது, வியாபாரம் பேசக் கூடாது. கடைக்காரனுக்கு இதைவிடச் சங்கடமான விதி உண்டா? ஈப்போவில் போய் எழுதினேன். என்னைச் சுற்றி மகன் வயதுப் பையன்கள்.

தேறியது தெரிந்ததும் ஸ்டேஷன் வைத்துக்கொள்ள விண்ணப்பம், கட்டணம், காத்திருப்பு. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஆன்டெனாவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். இரண்டு மீட்டர் அலைவரிசைக்குக் கால் அலை என்றால் ஏறக்குறைய அரை மீட்டர். பித்தளை வெல்டிங் கம்பியில் ஐந்து துண்டு வெட்டினேன். ஒன்று நட்டுக்குத்தாக, மற்ற நான்கும் கேபிள் மாட்டுகிற சாக்கெட்டின் நான்கு மூலைத் துளைகளில். அந்த நான்கையும் படுக்கையாக விட்டால் கேபிளோடு ஒத்துப்போகாது. 45 டிகிரி கீழே வளைத்தால் கேபிளின் 50 ஓம் பக்கம் வந்து நிற்கும். வளைத்து முடித்தபோது கம்பி போட்ட குடை மாதிரி இருந்தது. தோட்டத்தில் செம்பனைக் குலை அறுக்கிற அலுமினியக் கம்பு ஒன்று நெளிந்துபோய்க் கிடந்ததை வாங்கிவந்து, அதன் உச்சியில் கட்டித் தகரக் கூரைக்கு மேலே ஏற்றினேன்.

மூன்றாம் நாள் மத்தியான மழைக்கு, ஆன்டெனா ஏற்காமல் திருப்பி அனுப்புகிற சக்தியைக் காட்டும் மீட்டரின் முள் எகிறியது. இறக்கிப் பார்த்தால் கேபிள் இணைப்பில் தண்ணீர். ஊருக்கெல்லாம் டேப் சுற்றிக் கொடுக்கிறவன் என் இணைப்புக்குச் சுற்ற மறந்திருந்தேன். இடி மழைக்கு இருட்டினால் கேபிளைக் கழற்றிவிட வேண்டும் என்பதையும் அந்த வாரம்தான் பழகினேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மைக்கை அழுத்தினேன். வாய் உலர்ந்துவிட்டது. அழைப்புக் குறியை இரண்டு முறை சொல்லிவிட்டுப் பொத்தானை விட்டேன். இரைச்சல். அப்புறம் மலாயில் ஒரு குரல், "ஐந்து ஒன்பது" என்றது. என் குரல் எவ்வளவு தெளிவாக, எவ்வளவு பலமாக விழுகிறது என்பதற்கான மதிப்பெண் அது. ரிப்போர்ட்டில் அதற்கு மேல் கிடையாது. பெயர், ஊர் சொன்னேன். என்ன தொழில் என்று கேட்டார். கடைப் பெயர் நுனிநாக்குவரை வந்துவிட்டது. "ரிப்பேர் வேலை" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டேன்.

பழைய ரேடியோவை வாங்க வந்த பால்மரத் தோட்டத்துப் பாட்டி ஒருத்தி பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தம்பி, இவன் பேசிக்கிட்டே இருக்கானே, பாட்டு எப்ப போடுவான்?"