ஸ்டாண்டர்டு ஹெரால்டு: இடது பக்கத் தகடு வேலை முடிந்தது

தரை, கதவுகளுக்கு அடியில் ஓடும் பக்கவாட்டுத் தகடு, அடிச்சட்டமான சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் தாங்கிகள், முன்கதவின் அடிப்பகுதி. நான் பழுது பார்த்துவரும் பழைய காரின் இடது பக்கத்தில் இவை அனைத்தும் இப்போது புதிய தகடு. வலது பக்கத்தில் கை வைப்பதற்கு முன் இதுவரை செய்ததை எழுதிவைக்கிறேன்.

வண்டி, நான்கு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பிரிட்டனில் 1959இல் ட்ரையம்ப் ஹெரால்டு என்று வெளிவந்ததைச் சென்னையை அடுத்த பெருங்களத்தூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு ஆலை 1961 முதல் இங்கே தயாரித்தது. உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. உடலும் சேசிஸும் ஒன்றேயான கார்கள் பெருகிக்கொண்டிருந்த காலத்தில் இது தனிச் சேசிஸோடு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. முழு உடலையும் ஒரே இடத்தில் அடித்துத்தர, இதை உருவாக்கிய பிரிட்டிஷ் கம்பெனிக்கு ஆலை கிடைக்கவில்லை. அதனால் உடலைப் பகுதி பகுதியாகச் செய்து போல்ட் போட்டு இணைத்தார்கள். பழுது பார்ப்பவனுக்கு இது பெரிய வசதி. ஒரு பகுதியைக் கழற்றினால் மற்றது நிற்கும். ஆனால் ஒவ்வொரு இணைப்பும் தகட்டின்மேல் தகடு படியும் இடம். நான் பார்த்தவரை துரு வெளிப்பரப்பில் தொடங்கவே இல்லை. இரண்டு தகடுகளுக்கு நடுவே ஈரம் புகுந்த இடத்தில்தான் தொடங்கியிருக்கிறது.

தரையைப் பிரித்தபோது இது கண்ணெதிரே தெரிந்தது. மேலே தேங்காய் நார் விரிப்பு. மழைக்காலத்தில் நனைந்த செருப்புகளின் தண்ணீரை மாதக்கணக்கில் பிடித்துவைத்துக்கொள்ள அதைவிடச் சிறந்த பொருள் கிடையாது. அதற்குக் கீழே தார், தாருக்குக் கீழே பட்டறைகள் வைத்த ஒட்டுத் தகடு, அதற்குக் கீழே அதைவிடப் பழைய ஒட்டு, கடைசியாக ஆலைத் தகட்டின் மிச்சம். ஒவ்வொரு முறையும் ஓட்டையை வெட்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுத் தகட்டை வைத்து ஓரத்தில் பற்றவைத்திருக்கிறார்கள். இரும்பு துருவாகும்போது பருமன் பல மடங்கு பெருகுகிறது. உள்ளே சிக்கிய துரு உப்பி, மேல் தகட்டின் ஸ்பாட் வெல்டிங்கை, அதாவது புள்ளிபுள்ளியாகப் பற்றவைத்ததைப் பிய்த்துக்கொண்டு வந்திருந்தது. எனக்குத் துணையாக வரும் ஓய்வுபெற்ற டிங்கர் (கார் தகடு தட்டிச் சரிசெய்பவர்) ஒருவர் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "தம்பி, இது தகடு இல்லை, அப்பளம்" என்றார்.

வெட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை சில. பெட்ரோல் தொட்டி இந்த வண்டியில் டிக்கிக்குள் இருக்கிறது. அதைக் கழற்றி ஷெட்டுக்கு வெளியே வைத்தேன். காலித் தொட்டிதானே என்று விட்டுவிடக் கூடாது. பெட்ரோலைவிட அதன் ஆவிதான் ஆபத்து. அடுத்து, கதவு வாசல்களில் ஓர் அங்குலச் சதுரக் குழாயைக் குறுக்காக வைத்துப் பற்றவைத்தேன். சேசிஸ் தனிதானே, உடல் எங்கே சாயப்போகிறது என்று தோன்றும். தரையையும் பக்கவாட்டுத் தகட்டையும் எடுத்துவிட்டால் கதவுத் தூண்களை அடியில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. வாசலின் இரு மூலைவிட்ட அளவுகளையும் தூணிலேயே எழுதிவைத்தேன்.

எவ்வளவு வெட்டுவது என்பதில் மட்டும் கஞ்சத்தனம் உதவாது. துருவின் ஓரம் முடிந்த இடத்திலிருந்து இன்னும் இரண்டு அங்குலம் தள்ளி, தகடு பளிச்சென்று தெரியும் வரை வெட்டினேன். அரித்து மெலிந்த இரும்பில் வெல்டிங் நிற்காது. பொத்தலைச் சுற்றிப் புதுப் பொத்தல்தான் விழும்.

தரைக்கு 18 கேஜ் சி.ஆர். தகடு (சூடாக்காமல் உருட்டிய, பூச்சில்லாத இரும்புத் தகடு), அதாவது ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர். வெளித்தோலுக்கு 20 கேஜ், 0.9 மில்லிமீட்டர். துரு பிடிக்காது என்று ஜி.ஐ. தகடு (துத்தநாகம் பூசியது) வாங்கச் சொன்னவர்கள் உண்டு. துத்தநாகப் பூச்சு வெல்டிங் சூட்டில் எரிந்து புகையாகும். அந்தப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும். பற்றவைத்த இடத்தில் பூச்சும் மிஞ்சாது. ஆகவே சி.ஆர். போதும். தரையில் ஓடும் வரிமேடுகளை அலங்காரம் என்று நினைத்துத் தட்டையாக விட்டுவிடக் கூடாது. அவை இல்லாவிட்டால் கால் வைக்கும்போதெல்லாம் தரை டப்பென்று உள்வாங்கும். கெட்டி மரத்தில் பள்ளம் செதுக்கி, அதன்மேல் தகட்டை வைத்து, சுத்தியலால் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். அழகாக இல்லை, ஆனால் விறைப்பாக இருக்கிறது.

வெல்டிங் முறையில் எனக்கும் டிங்கருக்கும் சண்டை. நான் மிக் வெல்டிங் (மின்சாரத்தால் கம்பியை உருக்கிப் பற்றவைப்பது) பக்கம்: சூடு பரவாது, ஒரு புள்ளி இங்கே, அடுத்தது ஒரு சாண் தள்ளி என்று வைத்துக்கொண்டே போனால் தகடு நெளியாது. அவர் கேஸ் வெல்டிங் (வாயுச் சுடரால் பற்றவைப்பது) பக்கம். மிக் வைத்த தையல் கடினமாகிவிடும், கிரைண்டரால் தேய்க்கத்தான் முடியும்; கேஸில் வைத்தது மென்மையாக இருப்பதால் அடியில் டாலி எனும் இரும்புக் கட்டையைக் கொடுத்துத் தட்டித் தகட்டோடு தகடாக்கிவிடலாம் என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான். எனவே தரை எனக்கு, கதவின் வெளித்தோல் அவருக்கு என்று பிரித்துக்கொண்டோம். அவர் முடித்த கதவில் விரலை ஓட்டினால் இணைப்பு எங்கே என்று தெரியவில்லை. பள்ளம் நிரப்பும் பசையான பட்டியை மிக மெல்லிசாகப் போட்டால் போதும்.

தரையில் முடிந்த இடமெல்லாம் தகடுகளை ஓரத்தோடு ஓரம் வைத்தே இணைத்தேன். ஒன்றன்மேல் ஒன்று ஏறித்தான் ஆக வேண்டிய விளிம்புகளில், உள்முகம் இரண்டுக்கும் துத்தநாகப் பிரைமர் அடித்து, வெல்டிங் முடிந்ததும் மேலும் கீழும் சீலண்ட் வைத்து அடைத்தேன். சென்னைக் காற்றில் இன்னொரு தொல்லை: மாலை பளபளப்பாக விட்டுப்போன தகடு காலையில் ஆரஞ்சு நிறமாகிவிடுகிறது. வியர்வைக் கை பட்ட இடத்தில் ரேகை அப்படியே துருவாக நிற்கிறது. அன்றன்று வெட்டியதற்கு அன்றன்றே பிரைமர் அடித்துவிட வேண்டும்.

கதவுதான் அதிக நேரம் எடுத்தது. பிரிட்டனில் ஹெரால்டுக்குப் பல தகடுகள் இன்றும் புதிதாக அடித்து விற்கப்படுகின்றன. ஆனால் நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே வந்தது. அதன் கதவுகளுக்கு அங்கிருந்து எதுவும் வராது. முன்கதவில் அடியிலிருந்து நான்கு அங்குலத்தை மட்டும் வெட்டி எடுத்துப் புதிதாகச் செய்தோம். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேற அடியில் துளைகள் உண்டு. பழைய கதவில் அத்தனையும் பட்டியால் அடைபட்டிருந்தன. புதியதில் துளைகளைக் கொஞ்சம் பெரிதாகவே விட்டிருக்கிறேன். முழுதாகப் பற்றவைக்கும் முன் கதவைத் தூணில் மாட்டி, மூடித் திறந்து, சுற்றிலும் இடைவெளி சமமா என்று பார்த்த பிறகுதான் கடைசி மடிப்பை மடக்கினோம்.

வலது பக்கம் வெளியே பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் பின்சக்கர வளைவில் காந்தம் ஒட்டவே மாட்டேன் என்கிறது. அங்கே இருப்பது இரும்பல்ல, விரல் கனத்துக்குப் பட்டி. வளைவு இரட்டைத் தகடு என்பதால் வெளித்தோலைத் திறந்தால்தான் உள்ளே நிலைமை தெரியும். ஷெட்டின் ஒரு பக்கம் திறந்தவெளி. ஐப்பசி மழைக்குள் அந்த வளைவையாவது மூடிவிட வேண்டும். பின்கதவு மடிப்புக்கான அட்டை அச்சு தயார். அடுத்த வாரம் தகட்டோடு மடிக்கும் பட்டறைக்குப் போகிறேன்.