ஒளி விழாத இடம்

நாங்கள் செய்த வேலையை நாங்களே மறுநாள் காலையில்தான் பார்ப்போம். இன்றைக்கு இதைச் சொன்னால் சின்னப் பிள்ளைகளுக்குப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் ஆகிறது. அரையிருட்டு அறையில் எட்டு மணி நேரம் நின்று, ஒரே துண்டு பிலிமை முன்னும் பின்னும் ஓட்டி, அதன்மேல் மூன்று நான்கு படங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பதித்து, டப்பாவில் போட்டு டேப் ஒட்டி, கழுவுகிற பிரிவில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். படங்கள் ஒன்றோடொன்று பொருந்தியதா இல்லையா என்பது அந்த டப்பாவுக்குள் இருக்கும், ஆனால் யாராலும் பார்க்க முடியாது. நான் பல இரவுகள் அதை நினைத்துக்கொண்டே படுத்திருக்கிறேன்.

1982ல், பத்தொன்பது வயதில், கோலாலம்பூரில் ஜாலான் ஈப்போ பக்கம் இருந்த ஒரு பிலிம் லேபில் சேர்ந்தேன். அப்பாவுக்கு செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை. என்னையும் அங்கேதான் சேர்க்க நினைத்தார், இடம் கிடைக்கவில்லை. லேபில் டப்பா தூக்குகிற வேலைதான் தருவார்கள் என்று போனவனை, படங்களை ஒன்றோடொன்று சேர்க்கிற ஆப்டிக்கல் அறைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பெரியவர் இருந்தார். சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் இருந்த ஷா சகோதரர்கள் ஸ்டூடியோ 1967ல் மூடும்வரை அங்கே வேலை பார்த்துவிட்டு, அப்புறம் கோலாலம்பூருக்கு வந்தவர். மலாய் சினிமாவின் ஆரம்ப நாள்களில் பி.எஸ்.ராஜ்ஹன்ஸ், எல்.கிருஷ்ணன் என்று இயக்குநர்கள் பலர் இந்தியாவில் பிறந்தவர்கள். கேமராவுக்குப் பின்னாலும் நம்மாட்கள் இருந்தார்கள், அவர்களில் இவர் ஒருவர். எல்லாரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம், முதலாளி உட்பட.

முதல் நாள் அவர் என்னைக் கேட்டது, "பசியாறிட்டியா தம்பி?" இரண்டாவதாகக் கேட்டது, "இரட்டை வேடம் எப்படி எடுக்கிறாங்கன்னு தெரியுமா?" தெரியாது. கொலிசியம் தியேட்டரில் எத்தனையோ இரட்டை வேடப் படம் பார்த்திருக்கிறேன், ஒரு தடவைகூட அந்தக் கேள்வி எனக்கு எழவில்லை.

அவர் ஒரு கறுப்பு அட்டையை எடுத்துப் பாதி ஜன்னலை மறைத்தார். கேமராவை இம்மிகூட ஆடாமல் இறுக்கிவிட்டு, லென்ஸுக்கு முன்னால் வலது பாதியை இப்படி மறைத்து, நடிகரை இடப்பக்கம் நிற்கவைத்து எடுப்பார்கள். மறைத்த பாதியில் ஒளியே விழாது, அங்கே பிலிம் புதுசாக அப்படியே இருக்கும். பிறகு பிலிமை அதே ஃபிரேமுக்குப் பின்னால் சுற்றி, இப்போது இடப்பக்கத்தை மறைத்து, நடிகருக்கு வேறு சட்டை மாட்டி வலப்பக்கம் நிற்கவைத்து மறுபடி எடுப்பார்கள். சேரும் கோடு ஒரு தூணிலோ கதவு நிலையிலோ விழுகிற மாதிரி பார்த்துக்கொள்வார்கள். இரண்டு பேரில் யாரும் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. 1940ல் 'உத்தம புத்திரன்' படத்தில் பி.யு.சின்னப்பா இரட்டை வேடம் போட்ட காலம் தொட்டு நம் சினிமா இந்தத் தந்திரத்தை விட்டதே இல்லை. நம் ஊர்க்காரர்கள் மாஸ்க் ஷாட் என்பார்கள். இதற்கும் முன்னால், 1900லேயே, பிரான்ஸில் மந்திரவாதியாக இருந்து சினிமாவுக்கு வந்த ஜார்ஜ் மெலியஸ் ஒரே பிலிமை ஏழு தடவை ஓட்டித் தன்னையே ஏழு வாத்தியக்காரர்களாக உட்காரவைத்திருக்கிறார். ஏழாவது தடவையில் ஒரு தப்பு நடந்தால் முந்தைய ஆறும் போச்சு.

"தம்பி, ஒளி பட்ட இடத்தைத் திரும்ப வாங்க முடியாது. அதனால நம்ம வேலை படம் எடுக்கிறது இல்லை, ஒளியை உள்ளே விடாம காவல் காக்கிறது" என்றார் அண்ணன். பதினான்கு வருடம் அந்த வேலையைப் பார்த்தேன். அதை இதைவிடச் சரியாக யாரும் எனக்குச் சொல்லவில்லை.

எங்கள் அறையின் நடுவில் ஆப்டிக்கல் பிரிண்டர் இருந்தது. கடைசல் இயந்திரத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் உருவம் சட்டென்று பிடிபடும். கனமான இரும்புப் படுக்கை, ஒரு முனையில் விளக்கோடு கூடிய புரொஜெக்டர், மறுமுனையில் அதைப் பார்த்தபடி கேமரா, நடுவில் லென்ஸ். புரொஜெக்டரில் ஏற்கெனவே எடுத்த படம் ஓடும், கேமரா அதை ஒரு ஃபிரேம் ஒரு ஃபிரேமாகப் புதுப் பிலிமில் படம் பிடிக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கப் படைகளின் படப்பிரிவுகளுக்காக லின்வுட் டன் என்பவர் வடிவமைத்த பிரிண்டர்தான் பிறகு பல நாடுகளில் இந்த வேலைக்கு வழிகாட்டியது. எங்களுடையதும் அந்த வம்சம்தான். பிலிமின் ஓட்டைகளுக்குள் இறங்குகிற சின்ன எஃகு ஊசிகள் ஒவ்வொரு ஃபிரேமையும் அதே இடத்தில் பிடித்து நிறுத்தும். அந்த ஊசிகளை அண்ணன் தவிர யாரும் தொடக் கூடாது.

பெரும்பாலான நாள்கள் மாயாஜாலம் ஒன்றும் கிடையாது. ஒரு காட்சி மங்கி இன்னொன்று எழுவதுதான் அதிகம் வரும். ஷட்டரை 48 ஃபிரேமில், அதாவது இரண்டு வினாடியில், மெல்ல மூடி, எண்ணைக் குறித்து, பிலிமைப் பின்னால் சுற்றி, அடுத்த ரீலை மாட்டி, அதே 48 ஃபிரேமில் மெல்லத் திறப்போம். எல்லாம் எண்தான். நோட்டில் ஒரு எண் தப்பினால் நடுவில் ஒரு இருட்டுத் துளி விழும். அப்புறம் எழுத்து வேலை. மலாய், சீனம், ஆங்கிலம், தமிழ் என்று ஒரே படத்துக்கு நான்கு தலைப்பு போட்ட நாள்கள் உண்டு. எழுத்தை ஹை-கான் என்கிற, சாம்பல் நிறமே தெரியாத, கறுப்பும் வெளுப்பும் மட்டும் பதியும் பிலிமில் எடுப்போம். ஒளி கொஞ்சம் கூடினால் தமிழுக்குத்தான் முதலில் அடி. 'ண', 'ஐ' போன்ற எழுத்துகளின் சுழிக்குள் வெளிச்சம் வழிந்து அடைத்துக்கொள்ளும். மற்ற மூன்று மொழிக்கும் சரியாக வந்த அளவு தமிழுக்குச் சரிவராது, அதற்குத் தனியாகச் சோதனை ஓட்ட வேண்டும். நேரம் இல்லை, அப்படியே விடு என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அண்ணன் ஒரு தடவையும் விட்டதில்லை, அவர் போன பிறகு நானும் விடவில்லை.

பெரிய வேலை என்றால் நீலத்திரை, அதாவது ஆளையோ பொருளையோ நீலத் திரைக்கு முன்னால் வைத்து எடுத்து, பிறகு வேறொரு பின்னணியில் சேர்ப்பது. நிற்கிற ஆளுக்கு அட்டை வெட்டி மறைத்துவிடலாம், ஓடுகிற ஆளுக்கு ஒவ்வொரு ஃபிரேமிலும் மறைப்பு மாற வேண்டும். அதற்குத்தான் நீலம். 1940ல் லாரி பட்லர் ஒரு பாக்தாத் கதைக்காக இதை வண்ணத்தில் செய்து காட்டினார். தலைமுடி, புகை, கண்ணாடி ஆகியவற்றின் ஓரங்கள் இயல்பாகத் தெரியும்படி அதைத் திருத்தியவர் பெட்ரோ விளாஹோஸ், 1959ல் வந்த 'பென்-ஹர்' படத்துக்காக. எங்கள் லேபில் அவ்வளவு நுட்பமான முறை கிடையாது, எளிய முறைதான். நீலத்துக்கு முன்னால் எடுத்த படத்தை வடிகட்டிக் கண்ணாடி வழியாக ஹை-கானில் அச்சிட்டால் பொருள் கறுப்பாகவும் சுற்றியிருப்பது வெளுப்பாகவும் பிரியும். இது மேட். அதிலிருந்து நேர் எதிரானது ஒன்று எடுப்போம், பொருள் வெளுப்பு, சுற்றியிருப்பது கறுப்பு. முதல் ஓட்டத்தில் பின்னணிப் படத்தோடு மேட்டைச் சேர்த்து ஓட்டினால் பொருளின் வடிவத்தில் ஒளி விழாத ஒரு ஓட்டை மிஞ்சும். பின்னால் சுற்றி, இரண்டாவது ஓட்டத்தில் பொருளின் படத்தோடு எதிர் மேட்டைச் சேர்த்து ஓட்டினால் அந்த ஓட்டைக்குள் பொருள் உட்காரும்.

சரியாக உட்கார்ந்தால்தான். 35 மில்லிமீட்டர் பிலிமில் படத்தின் அகலம் ஏறக்குறைய 22 மில்லிமீட்டர். பதினொரு மீட்டர் திரையில் அது ஐந்நூறு மடங்காகிறது. மேட் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு விலகினால், திரையில் ஐந்து மில்லிமீட்டர் கோடு தெரியும்.

1985ல் தியேட்டர்களுக்கு ஒரு பிஸ்கட் விளம்பரம் வந்தது. சிவப்பு பிஸ்கட் டின் ஒன்று வானத்தில் எழும்பி டாயாபூமி கட்டடத்தைத் தாண்டிப் பறக்க வேண்டும். அந்தக் கட்டடம் முடிந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது, ஊரே அதைத் திரும்பிப் பார்க்கும். 96 ஃபிரேம், நான்கு வினாடி, ஆறு அடி பிலிம். அண்ணன் இதை முழுக்க என்னிடம் விட்டார். இருட்டான பின்னணி என்றால் கோடு விழுந்தாலும் மறைந்துவிடும், விண்வெளிப் படங்கள் பிழைத்ததில் பாதி அப்படித்தான். 1980ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' இரண்டாவது படத்தில் பனிச் சண்டைக்கு அவ்வளவு பெரிய குழுவே திணறியது, வெள்ளையில் எந்தக் கறுப்புக் கோடும் ஒளிய முடியாது. டாயாபூமியும் வெள்ளைவெளேர் என்ற கட்டடம்.

முதல் சோதனையில் டின்னின் இடது ஓரம் முழுக்கக் கறுப்பு நூல் ஒன்று ஓடியது. மேட் தடித்துவிட்டது என்று முடிவு செய்து ஒளியளவை மாற்றினேன். மறுநாள் காலையில் அதே நூல். மறுபடி மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் ஒரு இரவு போனது, பிலிம் போனது. விளம்பரக் கம்பெனியிலிருந்து தினமும் போன் வந்தது. நான்காம் நாள் காலையில் அண்ணன் பூதக்கண்ணாடியை எடுத்து வந்து துண்டை விளக்கு மேசையில் வைத்தார். "இடப்பக்கத்தையே பார்க்கிறியே, வலப்பக்கம் பாத்தியா?"

பார்த்தேன். வலது ஓரத்தில் கட்டடத்தின் வெள்ளையோடு வெள்ளையாக இன்னொரு நூல், வெளிச்ச நூல், இருந்தது. மேட்டும் எதிர் மேட்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறின இடத்தில் ஒளியே விழாமல் கறுப்பு, விலகின இடத்தில் இரண்டு தடவை ஒளி விழுந்து வெளுப்பு. மேட் தடித்திருந்தால் இரண்டு பக்கமும் கறுப்பாக இருந்திருக்கும். இது தடிப்பு இல்லை, நகர்வு. நான்கு நாளாக நான் தப்பான இடத்தில் மருந்து போட்டுக்கொண்டிருந்தேன்.

நகர்ந்தது ஏன்? மேட்டை எடுத்துக் கழுவியது தீபாவளி விடுமுறைக்கு முன்னால். எதிர் மேட்டைச் செய்தது விடுமுறை முடிந்து வந்து. நடுவில் அறையின் ஏர்கண்டிஷனை யாரோ நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள், நவம்பர் மழை வேறு. பிலிமின் அடித்தாள் ஈரத்தில் கொஞ்சம் விரியும், காயும்போது கொஞ்சம் சுருங்கும். ஒன்று நம் ஊர் ஈரத்தைக் குடித்தது, மற்றது குளிர் அறையிலேயே பிறந்தது. இரண்டும் ஒரே அளவாக எப்படி இருக்கும்? குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த பிலிமை அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்கக் கூடாது, திறந்தால் வியர்த்துவிடும் என்பது எனக்குத் தெரியும். கழுவின பிலிமையும் இந்த ஊர்க் காற்று பாடாய்ப் படுத்தும் என்பது எனக்குத் தெரியாது.

இரண்டு மேட்டையும் ஒரே நாளில், ஒரே சுருளிலிருந்து வெட்டின பிலிமில், புதிதாகச் செய்தோம். ஒரே கம்பியில் பக்கத்தில் பக்கத்தில் ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டோம். காலையில் ஆறு மணிக்கு வந்து பதித்தோம். அதற்கு மறுநாள் சிறிய திரையில் ஓட்டிப் பார்த்தபோது டின் கட்டடத்தைத் தாண்டிப் போனது, எந்த நூலும் இல்லை. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. மாமாக் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப் போய் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் கணினி வந்தது, எங்கள் அறையைக் கோப்பு வைக்கும் அறையாக்கினார்கள். பிரிண்டரைப் பழைய இரும்புக்காரர் எடுத்துப் போனார். எனக்குக் கணினிமேல் கோபம் இல்லை. நாங்கள் ஒவ்வொரு முறை நகலெடுக்கும்போதும் பிலிமின் மணல்மணலான புள்ளிகள் கூடிக்கொண்டே போகும், அந்த நஷ்டம் அதில் கிடையாது. ஓரத்தை உடனே பார்த்து உடனே திருத்தலாம். அந்த வசதிக்கு அண்ணன் கையைக் கொடுத்திருப்பார். என் வருத்தமெல்லாம் அவருடைய நோட்டுப் புத்தகங்களும் அந்த இரும்போடு போனதுதான். இருபது வருடத்து எண்கள், எந்த மழைக்கு எந்த அளவு என்பது உட்பட.

என் தங்கை மகள் இப்போது கோலாலம்பூரிலேயே ஒரு ஸ்டூடியோவில் கம்போசிட்டிங், அதாவது கணினியில் படங்களைச் சேர்க்கிற வேலை, செய்கிறாள். மேட், ஓர் இடத்தை மறைத்துவைக்கிற ஹோல்ட்-அவுட் என்று எங்கள் வார்த்தைகளையே சொல்கிறாள், அதைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தபோது, நான் பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக வைத்திருந்த இரண்டு துண்டுகளை எடுத்துக் கொடுத்தேன், அந்தப் பிசகின ஜோடி. திறந்ததும் வினிகர் வாசனை அடித்தது, பழைய பிலிம் அப்படித்தான் போகும். ஒன்றில் வெளுப்பில் கறுப்பு டின், மற்றதில் கறுப்பில் வெளுப்பு டின். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஓட்டைகளைச் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். முழுக்க இருட்டானது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவள், "மாமா, இங்கதானே?" என்று டின்னின் வலது ஓரத்தில் நகத்தை வைத்தாள்.