நூறு வீதம் காட்டுது, ஒரு ஏக்கர் முடியல்ல

அம்பாறை, மட்டக்களப்புப் பக்கம் மருந்தடிக்கும் ட்ரோன் ஓட்டுபவர்களின் வழக்கமான முறைப்பாடு இது: பற்றரி நூறு வீதம் காட்டுது, உள்ளே இருக்கிற பன்னிரண்டு செல்லும் தலா 4.2 வோல்ட், அதாவது முழுச் சார்ஜ், ஆனா ஒரு ஏக்கர் முடியிறதுக்குள்ள ட்ரோன் 'பற்றரி குறைவு' என்று கத்தத் தொடங்குது.

மீற்றரில் பிழை இல்லை. தூர்ந்த குளத்தை நினைத்துப் பாருங்கள். வான் பாயும்போது அளவுகோல் அதே அடியைத்தான் காட்டும். அடியில் சேறு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. வோல்ட்டும் அப்படித்தான். செல் எந்த மட்டத்துக்கு நிரம்பியது என்று சொல்லும், எவ்வளவு கொள்ளும் என்று சொல்லாது. எல்லாச் செல்லும் ஒரே சீராகத் தேய்ந்தால் செல்களுக்கிடையே வித்தியாசம் 0.01 வோல்ட்டைத் தாண்டாது. அதைப் பார்த்து 'நல்ல பற்றரி' என்று முடிவு கட்டுகிறார்கள்.

இங்கே சேறு என்பது செல்லுக்குள் இருக்கும் கிராபைட் தகட்டின் மேல் வளரும் படலம். செல்லுக்குள் ஊறியிருக்கும் மின்பகுபொருள் சிதைந்து உண்டாகும் அந்தப் படலம் சார்ஜைச் சுமக்கும் லித்தியத்தைச் சிறைபிடித்து வைத்துக்கொள்கிறது, கொள்ளளவு குறைகிறது. படலம் தடிக்கத் தடிக்க, கரண்ட் ஓட்டத்துக்குச் செல்லே கொடுக்கும் தடை, அதாவது உள்தடையும் ஏறுகிறது. வயலில் முதலில் கடிப்பது இந்த இரண்டாவதுதான்.

கணக்குப் பாருங்கள். 12 செல், 16000 மில்லி அம்பியர் மணிப் பற்றரி. தாங்கியில் மருந்தோடு நிற்க 80 அம்பியர் இழுக்கிறது என்று வைப்போம். செல்லின் உள்தடை 1.5 மில்லி ஓமாக இருந்தால் சுமையில் வோல்ட் வீழ்ச்சி 0.12. அதுவே 4 மில்லி ஓமாக ஏறினால் 0.32 வோல்ட். ஓய்வில் 3.80 இருக்கும் செல், முதலாவதில் 3.68 காட்டும், இரண்டாவதில் 3.48. எச்சரிக்கையை 3.5இல் வைத்திருந்தால் உள்ளே ஏறத்தாழ 40 வீதம் கிடக்கும்போதே ட்ரோன் கத்தும். இறக்கிச் சுமை போனதும் வோல்ட் மறுபடி ஏறிவிடும், பார்ப்பவருக்குக் குழப்பம். செல்லுக்கு 25 வாட்டுக்கு மேல் சூடாகவே வீணாகிறது. பற்றரி கொதிப்பது அதனால்தான்.

வீதக் கணக்கு இன்னொரு வில்லங்கம். உள்ளே இருக்கும் சிப் போகும் வரும் கரண்டை எண்ணி, தான் கடைசியாகப் படித்த முழுக் கொள்ளளவால் பிரிக்கிறது. எப்போதும் 40 வீதத்தில் இறக்கி உடனே சார்ஜ் போட்டால் அந்தப் பழைய எண் திருந்தாது. பிறகு ஒருநாள் வீதம் திடீரென 38இலிருந்து 12க்கு விழும். சுழற்சி எண்ணிக்கையையும் நம்ப வேண்டாம்: முப்பது தடவைதான் பறந்தது என்றாலும், பெரும்போகம் முடிந்ததும் முழுச் சார்ஜோடு தகரக் கூரைக்குக் கீழே கச்சான் காற்று முடியும்வரை கிடந்த பற்றரி கிழடுதான்.

உண்மையை அறிய, எத்தனை மில்லி அம்பியர் மணி ஏறியது என்று காட்டும் சார்ஜர் போதும். தண்ணீர் ஏற்றிப் பறக்கவிட்டு, இறக்கி ஒரு மணித்தியாலம் ஆறவிடுங்கள். ஓய்வு வோல்ட் செல்லுக்கு 3.75 அளவில் இருந்தால் ஏறத்தாழ கால்வாசி மிச்சம். அங்கிருந்து நிரப்பும்போது புதிய 16000 பற்றரி 12000 அளவு குடிக்கும். 9000இலேயே நிறைந்துவிட்டால் கொள்ளளவு 12000தான், அதாவது 75 வீதம். வாங்கிய அன்றே இதைச் செய்து எண்ணையும் திகதியையும் பற்றரியிலேயே எழுதி ஒட்டுங்கள். பிறகு அதே வோல்ட்டிலிருந்து ஒப்பிடலாம். செல்களுக்கிடையிலான வித்தியாசத்தைப் பறக்கும்போது பாருங்கள். அப்போது 0.1 வோல்ட்டைத் தாண்டினால் ஒரு செல் மற்றவற்றுக்கு முந்திப் பழுதாகிறது.

கல்யாணப் படம் எடுக்கும் சின்ன ட்ரோனுக்கு, காலை 7 மணிக்கு முன் காற்றில்லாத நேரம், ஆள் உயரத்தில் நிறுத்தி, முழுச் சார்ஜிலிருந்து செல் 3.6 வோல்ட்டுக்கு வரும்வரை நேரம் பிடித்து, முன்பு பிடித்த நேரத்தோடு ஒப்பிடுங்கள். தரைக்கு மேலேதான், வாவிக்கு மேலே வேண்டாம்.

சார்ஜை ஆழமாக இறக்கி, ஆறவிட்டு, முழுதாக நிரப்பும் 'சீராக்கல்' வீத எண்ணைத் திருத்தும். போன கொள்ளளவைக் கொண்டுவராது. அதை மாதாமாதம் செய்வது பற்றரிக்கு வீண் தண்டனை.

போகம் முடிந்தால் சார்ஜைச் செல்லுக்கு 3.80 முதல் 3.85 வோல்ட் வரை இறக்கி, வீட்டின் குளிர்ந்த அறையில் வையுங்கள். வரம்பில் ஜெனரேற்றர் ஓடுகிறதே என்று சுடச்சுட இறங்கிய பற்றரியை அப்படியே சார்ஜில் கொழுவ வேண்டாம். புறங்கைக்குச் சூடு தெரியாமல் ஆறட்டும். கொள்ளளவு 75 வீதத்துக்கு வந்த பற்றரியை உடனே எறியத் தேவையில்லை, பத்து லீற்றருக்குப் பதில் ஆறு லீற்றர் ஏற்றினால் இழுவை குறைந்து வீழ்ச்சியும் குறையும். உப்பியது மட்டும் ஒரு தடவைகூடப் பறக்கக் கூடாது.