ஒரு பாம்புச் சட்டை கேட்ட கேள்வி

பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பில், தோப்புக்காரப் பெரியவர் ஒருவர் நல்லபாம்பின் சட்டையைச் செய்தித்தாளில் பொதிந்து கொடுத்து, "இது ஆணா பெட்டையா தம்பி, உங்க மிஷின்ல போட்டா தெரியுமா?" என்று கேட்டார். ஊர்வனவற்றின் பாலினக் குரோமோசோம்களைப் படிப்பதுதான் என் வேலை. பாதி நாள் புதுச்சேரியில் கணினி முன்னால் போகும், மீதி நாள் வனத்துறை அனுமதிக் கடிதத்தோடு கடலூர் மாவட்டத் தோப்புகளில். தெரியும் ஐயா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மனிதர்களில் எக்ஸ், ஒய் என்று வேறுவேறாக வைத்திருப்பது ஆண். நல்லபாம்பில் அது தலைகீழ், பெண்ணிடம் ஒரு இசட், ஒரு டபிள்யூ. ஆணிடம் இரண்டு இசட். உரித்த சட்டையில் டிஎன்ஏ நொறுங்கித்தான் கிடக்கும், ஆனாலும் எண்ணிப் பார்க்க அது போதும்: மற்ற குரோமோசோம்களின் துண்டுகள் வருகிற அளவில் இசட் துண்டுகள் பாதிதான் வந்தால் அது பெண். பாதிதான் வந்தது. பெரியவரிடம் சொன்னபோது, "புத்து ஓரமாத்தான கிடந்துச்சு, முட்டை வைக்க வந்திருக்கும்" என்றார்.

அந்த டபிள்யூவைப் பற்றி எனக்கு இன்னும் மனக்குறை உண்டு. ஆரம்ப வருடங்களில் நாங்கள் ஆண் பாம்புகளாகவே தேடி எடுத்தோம், ஏனென்றால் இசட் இரட்டையாக இருந்தால், டிஎன்ஏவைத் துண்டுகளாகப் படித்து ஒட்டிச் சேர்க்கும் தொகுப்பு சுத்தமாக வரும், டபிள்யூவோ தன் மரபணுக்களில் பெரும்பகுதியை இழந்து, ஒரே டிஎன்ஏ எழுத்துக்கோவை திரும்பத் திரும்ப வருகிற வரிசைகளால் நிரம்பியது, 150 எழுத்துத் துண்டுகளை வைத்துக்கொண்டு அதை ஒட்டவே முடியாது. சரி, விட்டுவிடுவோம் என்று விட்டோம். மரபியல் அறிஞர் லால்ஜி சிங் 1980-இல் கட்டுவிரியன் வகை ஒன்றிலிருந்து பிரித்தெடுத்த வரிசைகள் அப்படித் திரும்பத் திரும்ப வருபவைதான். பின்னால் ஹைதராபாதில் அவர் வளர்த்தெடுத்த டிஎன்ஏ ரேகைப் பரிசோதனைக்கு வேர் அங்கேதான் இருந்தது. அது தெரிந்திருந்தும் விட்டோம்.

மலைப்பாம்பு விஷயத்தில் தவறு இன்னும் பெரிது. மரபியல் அறிஞர் சுசுமு ஓனோ 1967-இல் எழுதிய புத்தகத்தை ஒட்டி, மலைப்பாம்பில் இசட்டும் டபிள்யூவும் இன்னும் ஒரே அளவு, விரியனில் டபிள்யூ தேய்ந்துவிட்டது, பரிணாமத்தின் படிகள் இவை என்று வருடக்கணக்காக வகுப்பெடுத்தேன். 2017-இல் மலைப்பாம்பிலும் போவா என்ற பாம்பிலும் இருப்பது இசட்-டபிள்யூவே இல்லை, தனித்தனியாக உருவான எக்ஸ்-ஒய் என்று காட்டினார்கள். தடயம் முன்பே இருந்தது: ஆண் இல்லாமல் போவா ஈன்ற குட்டிகள் எல்லாம் பெண். அவற்றுக்கு இரண்டு டபிள்யூ என்று வலிந்து விளக்கம் சொன்னோம், இரண்டு எக்ஸ் என்றால் எவ்வளவு எளிது! அடுத்த வகுப்பில் போன வருடம் சொன்னது தப்பு என்று சொல்லித்தான் பாடத்தைத் தொடங்கினேன். மாணவர்கள் அன்றைக்குக் கேட்ட கேள்விகள் அதற்கு முன் யாரும் கேட்காதவை.

இப்போது பெண் பாம்பாகவே தேடுகிறோம். பாம்பின் சிவப்பணுவுக்கு உட்கரு உண்டு, அதனால் வால் ரத்தக்குழாயிலிருந்து எடுக்கும் சில சொட்டு ரத்தத்திலேயே நீளமான டிஎன்ஏ கிடைத்துவிடும், அப்புறம் ஆயிரக்கணக்கான எழுத்துகளை ஒரே மூச்சில் படிக்கும் கருவியில் போடலாம். போன மாதம் பிடிபட்ட நல்லபாம்பின் டபிள்யூ துண்டுகள் ஒன்றோடொன்று சேரத் தொடங்கியிருக்கின்றன. பெரியவருக்கு போன் செய்து சொன்னேன். இன்னும் இரண்டு சட்டை எடுத்து வைத்திருக்கிறாராம்.